மூடிய அறையும் எரியும் திரியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவரங்கத் தீவிலும், ஆற்றுக்குத் தெற்கே விரிந்து பரந்த திருச்சி மாநகரிலும், மாலை ஆறு மணிக்கு இரண்டு செயல்கள் ஒருசேர நடைபெறுகின்றன. ஒன்று, கொசுவுக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் சாத்துவது. மற்றொன்று, விளக்கேற்றுவது. இந்து இல்லமாயின் குத்துவிளக்கும் ஊதுவத்தியும்; கிறித்தவ இல்லமாயின் திரு இருதயப் படத்தின்முன் மெழுகுதிரி; எச்சமயத்தார் இல்லமாயினும் கட்டிலின் அடியில் ஒரு கொசுவத்திச் சுருள். முதற்செயல் காற்று வெளியேறும் வழியை அடைக்கிறது. இரண்டாம் செயல் அடைபட்ட அக்காற்றில் புகையைக் கலக்கிறது. இவ்விரண்டையும் ஒரே வேளையில் செய்துவிட்டு, 'இரவெல்லாம் பிள்ளை இருமுகிறதே, காரணம் தெரியவில்லையே' என்று மருத்துவரிடம் ஓடுகிறோம்.

இக்கட்டுரையில் நாம் வாதாட விரும்புவது ஒன்றே. மூடிய அறையில் எரியும் எப்பொருளும் அவ்வறையின் காற்றைத் தூய்மையாக்குவதில்லை, கெடுக்கவே செய்கிறது. எரிவது மந்திரித்த திரியா, கடையில் வாங்கிய மணத்திரியா, தேன்மெழுகா, நல்லெண்ணெயா என்று நுரையீரல் கேட்பதில்லை. பாஸ்கா இரவில் எரியும் திரியைக் கையிலேந்தி இருண்ட ஆலயத்துக்குள் நுழையும் நம்மைப் போன்ற குருக்கள் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம்தாம் பேச வேண்டும். திருமுழுக்கின்போது பெற்றோர் கையில் திரியைக் கொடுப்பவர்கள் நாம். நவநாளுக்குத் திரி ஏற்றுங்கள் என்று சொல்பவர்களும் நாம். திரியைக் கொடுத்தவர்களுக்கு, அதை எங்கே எப்படி ஏற்றுவது என்று சொல்லும் கடமையும் உண்டு.

திரி எரியும்போது நிகழ்வது என்ன?

மைக்கேல் ஃபாரடே என்னும் அறிவியல் மேதை 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், இலண்டன் மாநகரில், சிறுவர் சிறுமியர்க்காக மெழுகுதிரியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். நாம் நாள்தோறும் காணும் ஒரு சுடரில் இயற்பியலும் வேதியியலும் முழுவதும் அடங்கியிருப்பதை அவர் காட்டினார். வெப்பத்தால் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு திரி வழியே மேலேறுகிறது. அங்கே ஆவியாகி எரிகிறது. சுடர் மஞ்சளாய் ஒளிர்வதற்குக் காரணம், அதனுள் பழுக்கக் காய்ந்து ஒளிவிடும் கரித்துகள்கள். அதாவது, நாம் விரும்பும் அந்த ஒளியே கரியின் ஒளிதான். போதிய காற்றும் அசைவற்ற சுடரும் இருந்தால் அக்கரி பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடுகிறது. திரி நீண்டுபோனாலும், காற்று அலைக்கழித்தாலும், எரிவதற்குக் காற்றுப் பற்றாமற்போனாலும் கரி எரியாமலே வெளியேறிப் புகையாகிறது. ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையோ எரியாத மெழுகின் ஆவி. அந்த ஆவியில் நெருப்பைக் காட்டினால், திரியைத் தொடாமலே அது மீண்டும் பற்றிக்கொள்ளும் என்பதைச் சிறுவர்களும் செய்து பார்த்திருப்பர்.

சுடர் அமைதியாய் எரியும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும், நைட்ரசன் ஆக்சைடுகளும், சிறிதளவு பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்களும் வெளிவருகின்றன. இந்நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமாய் இருப்பவை. மூக்கு மயிரும் சளியும் இவற்றைத் தடுத்து நிறுத்த இயலாது. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை இவை சென்று படிகின்றன.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஒரு படுக்கையறையின் கொள்ளளவு ஆயிரம் கன அடி. அதாவது 28 கன மீட்டர். அவ்வறையில் ஒரு மில்லிகிராம் நுண்துகள் மிதப்பதாகக் கொள்வோம். ஒரு மில்லிகிராம் என்பது சர்க்கரைக் குருமணி ஒன்றிரண்டின் எடையே. அதைக் காற்றில் பரப்பினால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 36 மைக்ரோகிராம் ஆகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, ஒரு நாள் முழுவதற்குமான சராசரி 15 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது. நம் நாட்டு அரசு 2009-இல் வகுத்த எல்லை 60. சிறிது நேரப் புகையை நாள் முழுவதற்குமான சராசரியோடு அப்படியே ஒப்பிடுவது முறையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், ஒரு மூடிய அறையைக் கெடுக்க எவ்வளவு சிறிய அளவு போதும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது அல்லவா?

வீடு மாறியது, வழக்கம் மாறவில்லை

'நம் பாட்டனும் பூட்டனும் விளக்கேற்றவில்லையா? அவர்களுக்கு என்ன ஆயிற்று?' என்பதுதான் நாம் எங்கும் கேட்கும் முதல் மறுப்பு. இதற்கு விடை திருவரங்கத்திலேயே இருக்கிறது. மதில் சூழ்ந்த அவ்வூரின் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் எஞ்சியுள்ள பழைய வீடு ஒன்றினுள் சென்று பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் நீளும் வீடு. பக்கச் சுவர் அண்டை வீட்டாருக்கும் பொது. ஆகையால் பக்கத்தில் சன்னல் இல்லை. அவ்வீட்டுக்கு மூச்சுவிடும் இடம் முற்றமே. சூடேறிய காற்று மேலே எழும் இயல்புடையது. கூடத்தில் எரியும் விளக்கின் புகையும் வெம்மையும் முற்றத்தின் வழியே வானத்துக்கு ஏறிவிடும். வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும். அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் வேதியியல் படித்தவரல்லர். ஆனால் விளக்கு இருக்கும் வீட்டுக்குத் திறப்பு வேண்டும் என்று அறிந்தவர்.

பிறகு நாம் என்ன செய்தோம்? குரங்குக்கும் திருடனுக்கும் அஞ்சி முற்றத்துக்கு இரும்புக் கம்பி போட்டோம். மழைக்கு அஞ்சி அதன்மேல் தகடு போட்டோம். இடம் போதவில்லை என்று தளம் போட்டு மூடினோம். இறுதியில் வீட்டையே இடித்து அடுக்ககம் எழுப்பினோம். திருவரங்கத்தில் நடப்பதே தில்லைநகரிலும், உறையூரிலும், கருமண்டபத்திலும் நடக்கிறது. புதுமனை மந்திரிக்கச் செல்லும் நாம் இதனைக் கண்ணாரக் காண்கிறோம். கூடத்தில் இடமில்லையென்று மாதா சுரூபத்தைப் படுக்கையறையின் சுவர்த்தட்டில் வைத்திருப்பர். அதன்முன் திரி எரியும். மேலே குளிரூட்டி ஓடும். சுவரில் தொங்கும் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொணர்வதாகப் பலர் எண்ணுகின்றனர். அது அப்படிச் செய்வதில்லை. அறைக்குள்ளிருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. திரியின் புகையும் அதே காற்றோடு சுற்றிச் சுற்றி வருகிறது.

ஆகவே பாட்டன் ஏற்றிய விளக்கையும் பேரன் ஏற்றும் திரியையும் ஒப்பிடுவோர், பாட்டன் வீட்டையும் பேரன் வீட்டையும் ஒப்பிட மறந்துவிடுகின்றனர். மேலும், பாட்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் முழு உண்மையன்று. விறகடுப்பின் முன் அமர்ந்து கண்ணெரிந்து, நாற்பது வயதிலேயே மூச்சிரைத்த பாட்டிமாரை நம்முள் யார் பார்த்ததில்லை? அவர்களின் இருமலை நாம் நோயாக எண்ணவில்லை; பெண்ணாய்ப் பிறந்ததன் பாடு என்று விட்டுவிட்டோம்.

மணமும் மயக்கமும்

இரண்டாம் மறுப்பு கடைவீதியிலிருந்து வருகிறது. பிறந்தநாளுக்கும் புதுமனை விழாவுக்கும் மணத்திரி பரிசளிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. இரோசா மணம், சந்தன மணம், எலுமிச்சை மணம்! இவை அறையைப் புத்துணர்வாக்குமாம். தேன்மெழுகு எரிந்தால் எதிர்மின் அயனிகள் தோன்றிக் காற்றைக் கழுவிவிடும் என்று சொல்லி விற்பவரும் உளர். எரிவதால் காற்று கழுவப்படும் என்பது, சேறு பூசினால் துணி வெளுக்கும் என்பதற்கு ஒப்பாகும். மணம் என்பது தூய்மையன்று. காற்றில் மற்றுமொரு பொருள் கலந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். எலுமிச்சை மணத்தைத் தரும் இலிமோனீன் என்னும் பொருள், காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கவல்லது. கெட்ட காற்றை மணத்தால் மறைப்பது, புண்ணைக் கழுவாமல் பட்டுத்துணியால் மூடுவது போன்றது.

மெழுகின் வரலாற்றையும் சிறிது நோக்க வேண்டும். கடைகளில் இன்று கிடைக்கும் திரிகளில் பெரும்பாலானவை பாரஃபின் மெழுகால் ஆனவை. கார்ல் ஃபான் ரைஷன்பாக் என்பவர் 1830-இல் இதனைப் பிரித்தறிந்தார். இன்று இது பெட்ரோலியத்தைத் தூய்மைப்படுத்தும்போது கிடைக்கும் பொருள். திருச்சபையோ நெடுங்காலமாகத் தேன்மெழுகையே போற்றி வந்தது. பாஸ்கா புகழுரை தேனீக்களின் உழைப்பை நினைவுகூர்கிறது. திருப்பலித் திரிகளும் பாஸ்கா திரியும் பெரும்பகுதி தேன்மெழுகாய் இருத்தல் வேண்டும் என்று 1904-ஆம் ஆண்டில் உரோமை வழிபாட்டுச் சடங்குப் பேராயம் கட்டளையிட்டது. அது வழிபாட்டின் மாண்பைக் கருதிய ஒழுங்கு. நலவாழ்வுக்குத் தரப்பட்ட உறுதிச்சீட்டு அன்று. தேன்மெழுகும் கரியை விடுகிறது. திரியின் உள்ளே விறைப்புக்காக ஈயக்கம்பி வைத்து விற்கும் வழக்கமும் சில நாடுகளில் இருந்தது. அமெரிக்க நாடு 2003-இல் அதனைத் தடைசெய்தது. பெட்டியின்மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்குவோர் இதனை நினைவில் வைப்பது நன்று.

மூன்றாம் மறுப்பு இன்னும் கூர்மையானது: 'ஊரெங்கும் பேருந்துப் புகை, ஒரு மெழுகுதிரியா பெரிது?' ஊர்க்காற்று கெட்டிருப்பது உண்மையே. 2019-இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நகரங்களுள் நம் திருச்சியும் இடம்பெற்றுள்ளது. ஆனால் கருவிகள் அளப்பது சாலைக் காற்றை. நாம் உறங்கும் எட்டு மணிநேரக் காற்றை அளப்பவர் எவருமிலர். வெளிக்காற்றைத் திருத்த அரசும் ஆலையும் வண்டியும் மனம் வைக்க வேண்டும். வீட்டுக்காற்றைத் திருத்த ஒரு கை சன்னலைத் திறந்தால் போதும். பெரிய தீமையைக் காட்டிச் சிறிய கடமையிலிருந்து தப்புவது, மனச்சான்று ஆய்வில் நாம் நன்கறிந்த பழைய தந்திரமன்றோ!

சுருளும் சாம்பிராணியும்

திரியைவிடக் கொடியது கொசுவத்திச் சுருள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவு நுண்துகள்களை வெளியிடுகிறது என்று கண்டது. உறையூர்ச் சுருட்டுக்கு உலகப் புகழ் தேடித்தந்த ஊர் இது. அந்தச் சுருட்டைக்கூடத் திண்ணையில் அமர்ந்து பிடிக்கச் சொன்ன பாட்டிமார் பல வீடுகளில் இருந்தனர். இன்றோ, சிகரெட்டுடன் வரும் விருந்தினரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தொட்டிலின் அடியில் நாமே சுருளைக் கொளுத்தி வைக்கிறோம். அதன்மேல், பிள்ளைக்குத் தலைக்குக் குளிப்பாட்டியவுடன் சாம்பிராணிப் புகை. முன்னே தூபக்காலில் கங்கிட்டுக் காட்டியதற்குப் பதில், இப்போது கம்ப்யூட்டர் சாம்பிராணி என்னும் கட்டி. பிறந்து முப்பது நாளான பச்சிளம் நுரையீரல், தன் உடல் எடைக்கு ஏற்ப நோக்கினால், நம்மைவிட மிகுதியான காற்றை உள்வாங்குகிறது. சளி வராதிருக்கக் காட்டும் புகையே அதற்கு இரைப்பை வரவழைக்கிறது.

புகை வீட்டை மட்டுமன்று, கோயிலையும் விடுவதில்லை. நெதர்லாந்து நாட்டு மாஸ்திரிக்கு நகரில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் காற்றை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். ஒன்பது மணிநேரம் திரிகள் எரிந்தபின், அங்கிருந்த துகள்களின் அளவு ஐரோப்பிய நாடுகள் வகுத்த எல்லையைப்போல் பன்னிரண்டு முதல் இருபது மடங்காய் இருந்தது. உரோமை நகரின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மிக்கேல் ஆஞ்சலோ தீட்டிய ஓவியங்களைக் கழுவித் தூய்மையாக்கும் பணி 1980-இல் தொடங்கி 1994-இல் முடிந்தது. அவற்றின்மேல் படிந்திருந்த கருமையில் பல நூற்றாண்டுத் திரிகளின், தூபத்தின் கரிக்கும் பங்குண்டு. ஓவியத்தைக் கழுவ வல்லுநர் வந்தனர். அதே காற்றைச் சுவாசித்தோரின் நெஞ்சைக் கழுவ யார் வருவார்? உங்கள் வீட்டுப் பீடத்தட்டுக்கு மேலே சுவரில் படிந்திருக்கும் கரிய நிழலைப் பாருங்கள். அந்தச் சுவர் உங்கள் பிள்ளையின் நுரையீரலுக்குக் கண்ணாடி.

மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. நல்ல உடல்நலம் உள்ளவர் செபவேளையில் ஒரு திரி ஏற்றினால் நோயில் வீழ்ந்துவிடுவார் என்று சொன்னால் அது பொய். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் இறந்த 32 இலட்சம் பேரும் பெரும்பாலும் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகைக்கு இரையானவர்களே. ஆனால் எல்லார் நெஞ்சும் ஒன்றுபோல் வலியதன்று. டென்மார்க்கு நாட்டின் ஆர்குஸ் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இலேசான ஆஸ்துமா உள்ள இளையோரிடத்தில் திரிப்புகையும் சமையற்புகையும் எரிச்சலையும் அழற்சியின் அறிகுறிகளையும் உண்டாக்கியமை கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவுற்ற தாய்மாரை ஆராய்ந்து 2018-இல் வெளியான முடிவு, அவர்கள் சுவாசித்த நுண்துகள் மிகுமளவுக்குக் குழந்தையின் பிறப்பு எடை குறைந்ததைக் காட்டியது. அத்துகள் எங்கிருந்து வந்தாலும் கருவுக்கு ஒன்றே.

இங்கேதான் நம் வாதம் அறத்தின் வாசலைத் தொடுகிறது. பாலக்கரையிலும் அரியமங்கலத்திலும் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்கு அக்காலத்திலும் முற்றம் இருந்ததில்லை, இக்காலத்திலும் இல்லை. சமைப்பதும், செபிப்பதும், படிப்பதும், உறங்குவதும் அந்த ஓர் அறையிலேயே. ஐந்து அறையுள்ள வீட்டில் ஒரு திரி ஒரு மூலையின் விவகாரம். ஒற்றை அறையில் அது எல்லாருடைய மூச்சின் விவகாரம். அந்த இல்லத்தில் அன்பியக் கூட்டம் கூட்டி, இருபது பேர் நெருக்கி அமர்ந்து, தெருச்சத்தம் கேட்காதிருக்கக் கதவையும் சாத்தி, ஆளுக்கொரு திரியை ஏந்திச் செபிக்கிறோம். மூலையில் படுத்திருக்கும் முதியவர் இருமினால், 'செப நேரத்தில் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள் தாத்தா' என்கிறோம். அடங்க வேண்டியது தாத்தாவா, திரியா?

பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவில் திரிகளை மந்திரிக்கிறோம். மறுநாள், தொண்டை நோய்க்குப் பாதுகாவலரான புனித பிளாசியாரின் திருநாளில், அத்திரிகள் இரண்டைச் சிலுவை வடிவில் பிடித்து மக்களின் தொண்டையில் வைத்து ஆசி வழங்குகிறோம். தொண்டையைக் காக்க வேண்டிக் கையிலெடுத்த அதே திரியால் வீட்டில் தொண்டையைக் கரிக்க விடுவது எப்படிப்பட்ட பக்தி?

செய்யத்தக்கன

இல்லத்தில் திரி ஏற்ற வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒன்பது வேண்டாம், ஒன்று போதும். செபம் தொடங்கும்போது ஏற்றி, முடிந்ததும் அணையுங்கள். திரியின் நுனியைக் கால் அங்குலத்துக்கு வெட்டி, நேர்க்காற்று படாத இடத்தில் வையுங்கள். ஊதி அணைக்காமல், சிறு மூடியால் மூடியோ, நுனியை உருகிய மெழுகில் அமிழ்த்தியோ அணையுங்கள். சன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள். இந்தச் செலவு ஓராண்டுச் சுருள்களின் செலவைவிடப் பெரிதன்று. கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் வலை கட்டுங்கள். படுக்கையறையில் திரியும் வேண்டாம், சுருளும் வேண்டாம், ஊதுவத்தியும் வேண்டாம். சாம்பிராணி போட்டே ஆக வேண்டுமென்றால், பிள்ளையை வெளியே அழைத்துச் சென்றபின் கதவைத் திறந்து போடுங்கள். ஆஸ்துமா உள்ளவரோ, கைக்குழந்தையோ, கருவுற்ற தாயோ இருக்கும் இல்லத்தில் சுரூபத்தின்முன் சிறு மின்விளக்கு எரியட்டும். அதனால் செபம் குறைவுபட்டதென்று எவரேனும் சொன்னால், எங்களிடம் அனுப்புங்கள், விடை சொல்கிறோம்.

உடன் குருக்களுக்கும் ஒரு விண்ணப்பம். திருப்பலிப் பீடத்தில் உண்மைச் சுடரே எரியட்டும். அதனை மாற்றச் சொல்வது நம் கருத்தன்று. மக்கள் காணிக்கையாக ஏற்றும் நூற்றுக்கணக்கான திரிகளுக்கு ஆலயத்துக்கு வெளியே, கூரையில்லாத இடத்தில் தாங்கி அமைப்போம். திருத்தலங்கள் பலவற்றில் இவ்வழக்கம் முன்னரே உண்டு. கல்லறைத் திருநாளன்று வானத்தின்கீழ் ஆயிரம் திரிகள் எரிகின்றன. எவர் மூச்சும் முட்டுவதில்லை. ஆலயத்தின் பெருங்கதவுகளைத் தூபம் முடிந்த பின்னேனும் திறந்து வைப்போம். ஆண்டுக்கு ஒரு மறையுரையில் இதனைச் சொல்வோம்.

விளக்கை மரக்காலின் அடியில் மறைக்கலாகாது என்னும் உவமையை நாம் ஒளியைப் பற்றியதாகவே விளக்கி வந்திருக்கிறோம். வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் அது பயன்பட வேண்டும் என்பதே அதன் உட்கிடை. மரக்காலால் மூடிய விளக்கு ஒளியை இழப்பதோடு, காற்றின்றிப் புகையவும் செய்யும். இன்று நம் மூடிய அறைகளே அந்த மரக்கால்கள். இன்று மாலை திரியைக் கையிலெடுக்குமுன் சன்னலருகே செல்லுங்கள். அதைத் திறந்த பின் தீக்குச்சியை உரசுங்கள்.